வில்லங்கச் சான்று சொல்லாதவை

சார்பதிவாளர் அலுவலகத்தில் போட்டோ எடுத்து, கைரேகை வைத்து, ரசீதை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது நிலம் நம்முடையதாகிவிட்டது என்றுதான் எல்லோரும் நம்புகிறோம். சட்டம் அவ்வளவு உறுதி தரவில்லை. 2025 ஏப்ரல் 7 அன்று, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் பதிவு விதிகளில் இருந்த 55-ஏ(1) விதியைச் செல்லாது என்று தள்ளியது. எழுதிக் கொடுப்பவருக்கு அந்தச் சொத்தில் உரிமை இருக்கிறதா என்று விசாரிப்பது சார்பதிவாளரின் வேலையல்ல என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அசல் பத்திரத்தைக் காட்டச் சொல்லும் விதிகள் நாளைக்கு மாறலாம். ஆனால் யார் உரிமையாளர் என்று தீர்மானிக்கும் இடம் அந்த அலுவலகம் இல்லை என்பது மாறாது. விற்பவரிடம் இருக்கும் உரிமைதான் வாங்குபவருக்கு வரும். அவரிடம் ஒன்றும் இல்லையென்றால் 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் கட்டிய பிறகும் நமக்கு ஒன்றும் வராது.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. தெற்கு ஆஸ்திரேலியாவில் 1858 முதல் டோரன்ஸ் முறை இருக்கிறது. அங்கே அரசுப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று அரசு பொறுப்பேற்கிறது.   பிரான்சில் நிலம் வாங்கினால், நோத்தேர் என்னும் சட்ட அதிகாரி மூலப் பத்திரங்களைப் பார்த்துப் பொறுப்பேற்க வேண்டும்.  நம் ஊரில் அந்தப் பொறுப்பு முழுவதும் வாங்குபவர் தலையில் இருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனியில் இருபது வருடம் ஓவர்லாக் ஓட்டிச் சேர்த்த பணத்தில் சேவூர்ப் பக்கம் ஐந்து சென்ட் வாங்குகிறவரும், ஏற்றுமதி லாபத்தில் காங்கேயத்தில் பத்து ஏக்கர் வாங்குகிறவரும் இந்த விஷயத்தில் ஒன்றுதான்.

பெரும்பாலானவர்கள் கேட்கும் ஒரே காகிதம் வில்லங்கச் சான்று. அது அவசியம்தான். பதிவுத் துறையின் இணையதளத்தில் 1975 முதலான விவரங்களை வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம். அதற்கு முந்தையதை அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேட வேண்டும். பதிமூன்று வருட வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்குதுங்க" என்று சொல்லும் புரோக்கரை நம்ப வேண்டாம். குறைந்தது முப்பது வருடம், முடிந்தால் 1975 வரைக்கும் போக வேண்டும்.

இங்கே திருப்பூருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. திருப்பூர் மாவட்டம் பிறந்தது 2009-இல்தான். அதற்கு முன் அவிநாசி, பல்லடம், உடுமலை கோவை மாவட்டத்தில் இருந்தன. காங்கேயமும் தாராபுரமும் ஈரோட்டில். 1979-இல் பிரிந்தபோது அதற்குப் பெயர் பெரியார் மாவட்டம். அதற்கும் முன் அவையும் கோவைதான். ஆகவே ஒரே காட்டுக்கு மூன்று பத்திரங்களில் மூன்று மாவட்டங்களின் பெயர் இருக்கலாம். பழைய க.ச. எண் ஒன்று, மறு அளவை எண் ஒன்று, உட்பிரிவு ஆன பிறகு இன்னொன்று என்று சர்வே எண்ணும் மாறியிருக்கும். ஊர் ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டிருக்கலாம். இன்றைய எண்ணையும் இன்றைய அலுவலகத்தையும் மட்டும் கொடுத்து வில்லங்கம் போட்டால், பழைய எண்ணில் பதிவான அடமானமும் பாகப்பிரிவினையும் கண்ணில் படாமலே போய்விடும். மூலப் பத்திரத்தில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும், அந்த ஊர் இருந்த ஒவ்வொரு அலுவலகத்திலும் தேடச் சொல்ல வேண்டும்.

அப்படித் தேடினாலும், பதிவான பத்திரங்களைத்தான் வில்லங்கச் சான்று காட்டும். பதிவாகாத எதையும் அது காட்டாது. நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இந்த மீதியைப் பற்றித்தான்.

முதலில் உயில். பதிவு செய்த உயிலேகூட வில்லங்கச் சான்றில் வராது. அதற்குத் தனிப் புத்தகம். பதிவே செய்யாத உயிலும் செல்லுபடியாகும் என்பதால், விற்பவரின் அப்பா எழுதி வைத்த காகிதம் எந்த பீரோவில் இருக்கிறது என்பது வெளியாருக்குத் தெரியாது. வாய்மொழியாகப் பாகம் பிரித்துக்கொண்டு நாற்பது வருடம் அவரவர் பங்கில் பாடுபட்டு வருகிற குடும்பங்கள் கொங்கு நாட்டில் ஏராளம். அந்தப் பிரிவினையும் சான்றில் இருக்காது.

அடுத்து இந்துக் குடும்பங்களில் பெண் மக்களின் பங்கு. இந்த வட்டாரத்தில் நிலம் வாங்கியவர்கள் பின்னால் கோர்ட் படி ஏறுவதற்குப் பெரிய காரணம் இது. "பொண்ணுகளுக்குச் சீரெல்லாம் செஞ்சு முடிச்சாச்சுங்க, அவுங்க கேக்க மாட்டாங்க" என்பார்கள். சீர் செய்தது பாசம். அதனால் பங்கு கரையாது. தமிழ்நாடு 1989-லேயே, அப்போது திருமணம் ஆகாதிருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை தந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் அதைக் கொடுத்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை, உரிமை பிறப்பிலேயே வருகிறது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் முடித்து வைத்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாக நடந்த விற்பனைக்கும் பாகப்பிரிவினைக்கும் மட்டும் பாதுகாப்பு உண்டு. அப்பா சுயமாகச் சம்பாதித்து உயில் எழுதாமல் இறந்திருந்தால் கணக்கு வேறு: மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. இறந்தவரின் தாய் அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பாட்டியின் பங்கு அவர் காலத்துக்குப் பின் அத்தைகளுக்கும் போகும்.

ஆகவே தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது. குடும்பத்தில் யார் யார் பிறந்தார்கள், யார் எங்கே கட்டிக்கொடுக்கப்பட்டார்கள் என்று ஊரில் விசாரித்து வம்சாவளி ஒன்றை எழுதிக்கொள்ள வேண்டும். அக்கா தங்கைகள் எல்லோரும் கிரயத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது முன்பே பதிவான விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். அவர்களுக்கு உரிய பணம் அவர்கள் கணக்கில் போய்ச் சேர வேண்டும் என்பதையும் நான் சேர்த்துச் சொல்வேன். வழக்கு வராமல் இருக்க மட்டும் இதைச் சொல்லவில்லை. அது அவர்களுடைய பணம். மைனர் குழந்தையின் தனிப் பங்கு இருந்தால், பெற்றோர் கையெழுத்துப் போட்டாலும் நீதிமன்ற அனுமதி இல்லாமல் வாங்கக்கூடாது. அந்தக் குழந்தை பதினெட்டு வயதுக்குப் பிறகு மூன்று வருடத்துக்குள் விற்பனையை ரத்துசெய்யக் கேட்கலாம்.

இனி கோயில் நிலம். அவிநாசியும் திருமுருகன்பூண்டியும் சுந்தரர் பாடிய தலங்கள். இப்படிப் பழைமையான கோயில்களைச் சுற்றியுள்ள ஊர்களில் பூசைக்கும் விளக்குக்கும் மேளத்துக்கும் என்று மன்னர் காலத்தில் விட்ட இனாம் நிலங்கள் நிறைய. அந்த மானியம் இரண்டு விதம். சில இடங்களில் கோயிலுக்கு விட்டது நிலத்தையே. வேறு சில இடங்களில் விட்டது அந்த நிலத்தின் வரி வருமானத்தை, அதாவது மேல்வாரத்தை மட்டும். உழுதவரின் குடிவார உரிமை அவரிடமே இருந்தது. 1963-இல் வந்த இனாம் ஒழிப்புச் சட்டங்கள் இந்த வேறுபாட்டை விசாரித்து, யாருக்கு ரயத்துவாரி பட்டா என்று முடிவு செய்ய அதிகாரிகளை நியமித்தன. அந்த விசாரணையில் என்ன உத்தரவு ஆனது என்பதில்தான் இன்றைய உரிமை நிற்கிறது. இனாம் நிலப் பிரச்சினை கொங்கு வட்டாரத்தில் பல ஊர்களில் இன்றும் எரிந்துகொண்டிருக்கிறது. தலைமுறைகளாக உழுது, வரி கட்டி, பட்டாவும் வைத்திருக்கும் குடும்பங்கள் திடீரென்று தங்கள் சர்வே எண்ணின் வழிகாட்டி மதிப்பு பூஜ்யமாக்கப்பட்டு, பதிவு நிறுத்தப்பட்டதைக் கண்டு தவிக்கின்றன. அவர்கள் தரப்பில் நியாயம் இருக்கும் வழக்குகள் உண்டு. ஆனால் புதிதாக வாங்குகிறவர் அந்த வழக்கைச் சேர்த்து விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

இந்து சமய அறநிலையச் சட்டம் 1959-இன் 34-ஆம் பிரிவுப்படி, ஆணையரின் அனுமதி இல்லாத கோயில் நில விற்பனை செல்லாது. அதே சட்டத்தின் 109-ஆம் பிரிவு, கோயில் சொத்தை மீட்கக் காலவரம்பு கிடையாது என்கிறது. ஐம்பது வருடமாக அனுபவிக்கிறோம் என்ற வாதம் அங்கே எடுபடாது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு, அரசு நிலம், கோயில் நிலம், வக்பு நிலம், பூதான நிலம் ஆகியவற்றைப் பதியக்கூடாது என்று தடுக்கிறது. பார்க்க வேண்டிய ஆவணம் கிராம அலுவலகத்தின் 'அ' பதிவேடு. நிலம் ரயத்துவாரியா, இனாமா, புறம்போக்கா என்று அதில் இருக்கும். சந்தேகம் இருந்தால் இனாம் பதிவேட்டின் நகலையும் செட்டில்மென்ட் உத்தரவையும் கேட்டு வாங்க வேண்டும். கோயில் நில விவரங்களை அறநிலையத் துறை 2021-இல் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. அதையும் சர்வே எண் போட்டுப் பார்க்கலாம். பஞ்சமி நிலம் என்று குறிப்பு இருந்தால் விலகிவிடுவதே முறை. 1892-இல் தலித் மக்களுக்காக ஒதுக்கப்பட்ட அந்த நிலம் அவர்களிடமே இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

பட்டா இருக்கிறதே என்பார்கள். பட்டா வரி செலுத்துகிறவரின் பெயரைக் காட்டும் வருவாய் ஆவணம். அதுவே உரிமைப் பத்திரம் ஆகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. 1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆர். என்னும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பல பட்டாக்களில் பெயர் மாறியது, பரப்பு குறைந்தது, பக்கத்துக் காட்டுக்காரர் பெயர் ஏறியது. ஆகவே யூ.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டையும் இன்றைய பட்டாவையும் பத்திரத்தையும் ஒப்பிட வேண்டும். மூன்றிலும் பரப்பு ஒன்றாக இருக்கிறதா? பத்திரத்தில் ஏக்கரும் சென்ட்டும். பட்டாவில் ஹெக்டேரும் ஏரும். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர், ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். செக்குபந்தியில் சொன்ன நான்கு எல்லையும் தரையில் இருக்கிறதா என்று சர்வேயரை வைத்து, புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அளக்க வேண்டும்.

காங்கேயம் பக்கம் கொறங்காடு வாங்குகிறவர்களுக்கு இது இரட்டிப்பாகத் தேவை. கிளுவை வேலியும் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் கொண்ட அந்த மேய்ச்சல் நிலம்தான் காங்கேயம் மாட்டை வளர்த்தது. வேலிதான் எல்லை என்று நினைத்துவிடக்கூடாது. தலைமுறை தலைமுறையாக நட்டு வந்த கிளுவை, புலப்படத்தின் கோட்டில் இல்லாமல் பொழியைத் தாண்டியும் நிற்கலாம். கிணற்றில் எத்தனை பங்கு, எந்த முறையில் தண்ணீர் இறைப்பது, வண்டித்தடம் யார் நிலத்தில் போகிறது, அது பத்திரத்தில் எழுதியிருக்கிறதா என்பதையெல்லாம் கேட்டே ஆக வேண்டும். தடம் இல்லாத தோட்டத்தைப் பாதி விலைக்கு வாங்கினாலும் அது அதிக விலைதான். பரம்பிக்குளம் ஆழியாறு பாசனம் என்று சொல்லி விற்றால், அந்தச் சர்வே எண் உண்மையில் ஆயக்கட்டில் இருக்கிறதா என்று பாசனப் பிரிவில் விசாரிக்க வேண்டும். வாய்க்கால் பக்கத்தில் ஓடுவதால் மட்டும் தண்ணீர் உரிமை வந்துவிடாது.

அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கி, 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானி உபரிநீர் போகிறது. இத்தனை காலம் காய்ந்து கிடந்த குட்டைப் புறம்போக்கும் நீர்வழிப் பாதையும் இனி உண்மையிலேயே தண்ணீர் போகும் இடங்கள். அவற்றை ஒட்டிய நிலத்தில் எல்லை அளக்காமல் கம்பி வேலி போட்டால், 2007-ஆம் ஆண்டு ஏரி பாதுகாப்புச் சட்டப்படி அது அகற்றப்படும்.

நொய்யல் ஓரத்து நிலத்துக்குத் தனிக் கேள்விகள் உண்டு. சாயத் தண்ணீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பாசனத்துக்குக் கட்டிய அணை விவசாயிகளுக்கே எதிரியாகிப்போன கதை இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றாமல் சுத்திகரிப்பவை மட்டும் மீண்டும் ஓடின. ஆகவே வாங்கும் இடத்தில் முன்பு சாயப் பட்டறையோ சலவைப் பட்டறையோ இருந்ததா, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மூடல் உத்தரவு நிலுவையில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரையும் போர் தண்ணீரையும் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டும். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீர் இல்லையென்றால் 2,000 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தரநிலை. அந்த இடத்தில் பட்டறை தொடங்கும் எண்ணம் இருந்தால் முன்பணம் கொடுக்கும் முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள். நொய்யல் உள்ளிட்ட ஆறுகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அதிக மாசு ஏற்படுத்தும் ஆலைகள் கூடாது என்ற அரசாணை 1989-லேயே வந்துவிட்டது.

கம்பெனிக் கட்டடத்தோடு இடம் வாங்கினால் பாக்கிகளைப் பார்க்க வேண்டும். திருப்பூரில் தொழில் ஓடுவதே பேங்க் லிமிட்டில்தான். அதற்குப் பிணை பெரும்பாலும் நிலப் பத்திரம். அசல் பத்திரத்தை ஒப்படைத்து வாங்கிய பழைய கடன்கள் பதிவாகாமல் இருக்கலாம். "ஒரிஜினல் தொலைஞ்சு போச்சுங்க" என்று நகல் காட்டினால், போலீஸ் சான்றும் பத்திரிகை அறிவிப்பும் மட்டும் போதாது. அடமானங்களைப் பதியும் மத்திய அரசின் செர்சாய் பதிவேட்டில் அந்தச் சொத்தைத் தேட வேண்டும். பழைய மின்கட்டண பாக்கியைப் புதிய உரிமையாளரிடம் வசூலித்த பிறகே இணைப்புத் தரலாம் என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நிறுவனத்தையே எடுத்து நடத்தினால் முந்தைய முதலாளியின் பி.எஃப். பாக்கிக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டி வரும்.

காலுக்குக் கீழும் தலைக்கு மேலும் பார்க்க வேண்டும். கொச்சியிலிருந்து வரும் கெயில் எரிவாயுக் குழாய் கோவை, திருப்பூர், ஈரோடு உட்பட ஏழு மாவட்டங்களின் விவசாய நிலங்கள் வழியாகத் திட்டமிடப்பட்டது. அதற்கு எதிரான மேல்முறையீட்டை 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளியது. குழாய்க்கு நிலம் கையகப்படுத்தப்படுவதில்லை. பயன்பாட்டு உரிமை மட்டும் எடுக்கப்படும். பட்டாவும் பத்திரமும் விவசாயி பெயரிலேயே இருக்கும், அந்தப் பட்டையில் வீடோ கிணறோ மரமோ கூடாது. உயர் அழுத்த மின்கோபுரமும் இப்படித்தான். இரண்டையும் வில்லங்கத்தில் தேடிப் பயனில்லை. கிராம நிர்வாக அலுவலரிடமும் பக்கத்துத் தோட்டக்காரரிடமும் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வீட்டுமனை என்றால் டி.டி.சி.பி. எனும் நகர் ஊரமைப்பு இயக்ககம் அல்லது உள்ளூர்த் திட்டக் குழும அனுமதி எண்ணும் வரைபடமும் வேண்டும். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்ட வரைபடம் அனுமதி ஆகாது. அனுமதியற்ற மனை 2016 அக்டோபர் 20-க்கு முன் மனையாகப் பதிவாகியிருந்தால் வரன்முறைப்படுத்த வழி உண்டு. வரன்முறை ஆணை கையில் இல்லாதவரை கட்டட அனுமதி கிடைக்காது. அனுமதி பெற்ற மனைப்பிரிவிலும் பூங்காவுக்கு விட்ட இடத்தைத்தான் பின்னால் மனையாக விற்கிறார்களா என்று மூல வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்கள் மனை வாங்கலாம். விவசாய நிலம் வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தராது.

மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம் அருகில் இருந்தால், அதிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்குத் தனி அனுமதி வேண்டும். நொய்யல் கரைக் கொடுமணலில் சங்க காலத்து மணிப் பட்டறைகளும் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. காங்கேயத்தை அடுத்த படியூர் பச்சைக்கல்லுக்குப் பெயர்பெற்றது. இந்த வட்டாரத்தில் அஸ்திவாரம் தோண்டும்போது பழைய பொருள் ஏதும் தட்டுப்பட்டால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

பவர் வைத்து விற்பவரிடம் வாங்க நேர்ந்தால், பவர் கொடுத்தவரை நேரில் பார்த்துப் பேசுங்கள். பொது அதிகாரப் பத்திரத்தை வைத்தே சொத்து கைமாறிவிட்டதாகச் சொல்ல முடியாது என்று சூரஜ் லேம்ப் வழக்கில் 2011-லேயே தீர்ப்பாகிவிட்டது; கொடுத்தவர் இறந்தால் சாதாரண பவரும் அதோடு முடிந்தது. நீதிமன்ற வழக்கு இருக்கிறதா என்று இ-கோர்ட்ஸ் தளத்தில் விற்பவர் பெயரைப் போட்டுத் தேடலாம். வழக்கு நடக்கும்போது வாங்கினால் அதன் தீர்ப்பு நம்மையும் கட்டும்.

வரிசை முக்கியம். இவ்வளவையும் பார்ப்பதற்கு முன் பெரிய முன்பணம் கொடுக்கக்கூடாது. சிறு தொகையில் ஒப்பந்தம் போட்டு அதைப் பதிவும் செய்து, உரிமையில் குறை தெரிந்தால் பணம் திரும்ப வரும் என்ற ஷரத்தை அதில் எழுத வேண்டும். வக்கீலை நீங்கள் தேர்ந்தெடுங்கள். விற்பவரோ புரோக்கரோ கைகாட்டும் வக்கீல் வேண்டாம். அவருடைய கருத்தை எழுத்தில் வாங்குங்கள். கிரயம் முடிந்த வாரமே உட்பிரிவோடு பட்டா மாற்றத்துக்கு மனுப் போட்டு, சர்வேயர் வரும் நாளில் பக்கத்துக் காட்டுக்காரர்களையும் கூப்பிட்டு நிறுத்தி, அவர்கள் முன்னிலையில் கல் நட வேண்டும்.